பதினொரு நிமிஷம்

மார்ச் 3, திங்கள்

நர்ஸம்மா வண்டியின் இன்ஜினை இன்று மூடியாகிவிட்டது. ஹெட் போல்ட்டுகளைக் கடைசிச் சுற்று நான் முறுக்க, தம்பி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினான். அவன் எண்ணாவிட்டால் போல்ட் கோபித்துக்கொள்ளும் போல.

ஆறு வார வேலை. சிலிண்டரைக் குடைந்தது, கிராங்கைச் சாணை பிடித்தது எல்லாம் தம்பி. லேத் இருக்கும் அந்தப் பாதி ஷெட் அவன் ராஜ்யம். பொருத்துவது, முதல் தடவை ஓட்டிப் பழக்குவது, டியூன் பண்ணுவது என் பாடு. வெளியில் எல்லோரும் அவனை மைக்ரோ என்பார்கள். அளக்கிற மைக்ரோமீட்டர் எந்நேரமும் சட்டைப் பையில். அவன் கல்யாணப் போட்டோவிலேயே அது துருத்திக்கொண்டு நிற்கும். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இடையில் சில வருஷம் அவன் குடித்தான். அந்த நாளில் ஒரு லாரி இன்ஜினை அளவு தப்பிக் குடைந்து பாழாக்கினான். அது ஊருக்கே தெரியும். விட்டு இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. நாலு மாசத்தை நான் எண்ணவில்லை, அவன் எண்ணுகிறான்.

நர்ஸம்மா பிரசவம் பார்க்கிறவர். பஸ் ஏறாத மேட்டு வீடுகளுக்கெல்லாம் இந்தப் பழைய காரில்தான் போவார். "மெக்கானிக், எனக்கு வேகம் வேணாம். நிக்காம போனாப் போதும்" என்றார்.

வியாழக்கிழமை ஸ்டார்ட் பண்ணுகிறோம்.

மார்ச் 6, வியாழன்

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது! என்ன ஒரு சத்தம். நெஞ்சு நிறைந்துவிட்டது.

தம்பி, மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று போயிருந்தான். நர்ஸம்மா வந்தார். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவரும் நாலு பேரும் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார்கள். இன்ஜின் தலையில் ஒரு நாணயத்தை நிமிர்த்தி வைத்துக் காட்டினேன். விழவில்லை. கைதட்டினார்கள். தலைவர் தன் இரண்டு வண்டிகளையும் என்னிடமே தருவதாகச் சொன்னார். "உங்க கை கை இல்ல, மந்திரம்" என்றார்.

இருபது நிமிஷம் ஓட்டி அணைத்தேன். எல்லாம் நல்லபடி.

மார்ச் 7, வெள்ளி

முதல் ஆயிலை இறக்கினேன். கொஞ்சம் மினுமினுப்பு. புது இன்ஜின் என்றால் இருக்கும்தான்.

மார்ச் 10, திங்கள்

ரோட்டில் ஓட்டினோம். நான் ஓட்ட, தம்பி பக்கத்தில். மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எழுபது வரை மிதித்து, காலை எடுத்து, தானாக வேகம் இறங்க விட்டு, மறுபடி மிதித்து — இப்படி இருபது முப்பது தடவை. ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசிப் பொருந்துவதற்கு இதுதான் வழி. ஒரே வேகத்தில் போனால் சுவர் வழவழத்துப் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும்.

திரும்பி வந்து கார்புரேட்டரைச் சரி பண்ணினேன். பிளக் எல்லாம் காபி நிறத்துக்கு வந்துவிட்டது, அதுதான் சரியான நிறம். தீப்பொறி விழும் டைமிங்கை விளக்கு அடித்துப் பார்த்து இரண்டு டிகிரி பின்னால் வைத்தேன். மேட்டில் ஏறுகிற வண்டி, இன்ஜின் டக்டக்கென்று தட்டக் கூடாது.

தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டான். "அண்ணே, டிக் டிக்னு லேசா ஒண்ணு கேக்குதே?"

"டேப்பட் சத்தம்டா. சூடானா சரியாயிடும்."

அவன் வீட்டுக்குப் போனபின் மூடியைக் கழற்றி டேப்பட் இடைவெளிகளைப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் ஒன்று நான் வைத்ததைப்போல் இரண்டு மடங்கு திறந்திருந்தது. திருகிச் சரிசெய்தேன். சத்தம் நின்றது.

நாளை வண்டியைக் கொடுத்துவிடலாம்.

மார்ச் 11, செவ்வாய்

கொடுத்தாயிற்று. நர்ஸம்மா தம்பிக்கும் எனக்கும் ஆளுக்கொரு சட்டைத் துணி கொடுத்தார். ஒரே நிறம். இரண்டு பேரும் போட்டால் பேண்ட் வாத்தியக்காரர்கள் மாதிரி இருப்போம் என்றான் தம்பி.

மார்ச் 22, சனி

நர்ஸம்மா போன். மேட்டு ரோட்டில் வண்டி திணறியதாம். கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று வெடித்ததாம். அப்புறம் ஆயில் விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டார். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவர்.

அணைத்துவிட்டு நடந்திருக்கிறார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில், மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஐம்பத்தெட்டு வயசு அவருக்கு. மேலே ஒரு பெண் வலியில் கிடந்திருக்கிறாள், தலைப்பிரசவம்.

குழந்தை நலம், தாய் நலம். "கால் மணி நேரம் பிந்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது மெக்கானிக்" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டிருக்கிறோம்.

மார்ச் 24, திங்கள்

தம்பியை ஒரு வேலையாக வெளியே அனுப்பிவிட்டு இன்ஜினைத் தனியாகத் திறந்தேன். ஏன் அனுப்பினேன்? எனக்குத் தெரியும் ஏன் என்று.

வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட்டில் மூன்றாவது சிலிண்டரின் மேடு தேய்ந்து மழுங்கிக் கிடக்கிறது. இருக்க வேண்டிய உயரத்தில் பாதிகூட இல்லை. அதன்மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் டேப்பட்டின் முகம் கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. தேய்ந்த இரும்பெல்லாம் ஆயிலோடு சுற்றி பேரிங்குகளைக் கீறிவிட்டிருக்கிறது. கிராங்கிலும் கோடு கோடாகக் கீறல்.

ஆறாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். எனக்கு நானே எழுதிக்கொள்கிற நோட்டில் யாருக்குப் பயந்து விட்டேன்?

எழுதுகிறேன்.

புதுக் கேம்மும் புது டேப்பட்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகுவது அந்த முதல் இருபது நிமிஷத்தில்தான். அவ்வளவு நேரமும் இன்ஜினை நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே விடவே கூடாது. அந்த வேகத்தில்தான் கிராங்க் ஆயிலை வாரி கேம் மேல் இறைக்கும். மிதிக்காமல் மெதுவாக ஐடிலிங்கில் விட்டால் இறைக்காது. காய்ந்த இரும்பு காய்ந்த இரும்பைத் தின்னும். தொழில் பழகுகிறவனுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் இது. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அன்று நாலாவது நிமிஷம் சங்கத் தலைவர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, "எப்பவும் இப்படித்தான் அலறுமா?" என்றார். நர்ஸம்மாவும் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே ஐடிலிங்குக்கு இறக்கினேன். இன்ஜின் பூனை மாதிரி முனகியது. நாணயத்தை நிறுத்தினேன். கைதட்டல் வந்தது. ஒருத்தர் போனில் வீடியோ எடுத்தார். பேசிக்கொண்டே நின்றேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதக் கை வருகிறது. மறக்கவில்லை. உள்ளே ஒரு குரல் ஏத்துடா, ஏத்துடா என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று நின்றேன். மந்திரக் கையாம்.

தம்பி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். "இருபது நிமிஷம் கீழ எறக்காதண்ணே."

"எனக்கே சொல்றியாடா?" என்றேன்.

அந்தக் கேம்ஷாஃப்ட்டைத் துணியில் சுற்றி மேல் அலமாரியில், பழைய கியர் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். டேப்பட்டுகளையும். இறக்கிய ஆயிலைக் கொட்டிவிட்டேன். அதில் காந்தத்தை விட்டுப் பார்த்தால் இரும்பு ஒட்டிக்கொண்டு வரும், தம்பி கண்டுபிடித்துவிடுவான்.

என்ன செய்கிறேன் நான்?

மார்ச் 25, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கீறிய பேரிங்குகளை மட்டும் மேஜையில் வரிசையாக வைத்தேன். தம்பி வந்தான், ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். "கிராங்க் அளவு தப்பா இருந்திருக்குமோ?" என்று அவனேதான் கேட்டான். நான் சொல்லவில்லை. அவனே.

"இருக்கலாம்" என்றேன்.

"மூணு தடவ அளந்தேனேண்ணே."

"அளந்திருப்ப. இருந்தாலும்…"

அந்த 'இருந்தாலும்'க்குப் பின்னால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த லாரி இன்ஜின் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது.

மத்தியானம் நர்ஸம்மா வந்தார். தம்பி சாப்பிடப் போயிருந்தான். "எதனால மெக்கானிக்?" என்று கேட்டார். கிராங்க் வேலையில் ஏதோ கோளாறு என்றேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. லேத் இருந்த பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "திரும்பக் குடிக்கிறாரா?"

நான் சொன்னது இதுதான்: "தெரியலம்மா."

தெரியலம்மா. எவ்வளவு சின்ன வார்த்தை. என் கூடப் பிறந்தவன். தினமும் என் பக்கத்தில் நின்று மூச்சு விடுகிறவன். எனக்குத் தெரியாதா?

மார்ச் 27, வியாழன்

சங்கத் தலைவர் போன் பண்ணினார். வண்டிகளை என்னிடமே தருகிறாராம். லேத் வேலையை மட்டும் வெளியில் கொடுத்துவிடலாமாம். "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க தம்பிதான், இருந்தாலும்" என்றார்.

என்னுடைய அதே 'இருந்தாலும்'. அதற்குள் எத்தனை வீடு சுற்றி வந்திருக்கிறது.

சரி என்றேன். சரி என்றேன்!

மார்ச் 29, சனி

தம்பி மனைவி பட்டறைக்கே வந்தாள். இதற்கு முன் வந்ததாக ஞாபகம் இல்லை. ஆயில் படிந்த ஸ்டூலில் ஒரு காகிதத்தைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்தாள்.

நாலு நாளாக அவன் வீட்டில் அளந்துகொண்டே இருக்கிறானாம். அளவு தெரிந்த ஒரு இரும்புத் துண்டை வைத்து, காலையில் பத்துத் தடவை, சாயங்காலம் பத்துத் தடவை. ஒவ்வொரு அளவையும் மகளின் கணக்கு நோட்டில் எழுதுகிறானாம். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டியிருக்கிறான். குடித்த காலத்தில் நரம்பு கெட்டுப்போயிருக்குமா என்று டாக்டரைக் கேட்டிருக்கிறான். கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் நம்பவில்லை.

"மாமா, நீங்க கூடவே இருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம குடிக்கிறாரா?"

"இல்லம்மா. இல்லவே இல்ல."

"அப்ப ஏன் இப்படி ஆச்சு?"

ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் எழுந்து போகும்போது, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான் மாமா" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

சொல்லவில்லை. அவன் வேலைக்கு வரவில்லை என்று எனக்கே ஒரு சாக்கு. அவன் வீடு இரண்டு தெரு தள்ளி.

ஏப்ரல் 1, செவ்வாய்

மனைவி கேட்டாள்: "தம்பிக்கும் உங்களுக்கும் ஏதாவது சண்டையா?" இல்லை என்றேன். "அப்ப ஏன் அவர் பேர எடுத்தாலே கோவம் வருது உங்களுக்கு?"

கோபமா வருகிறது? ஆமாம். வருகிறது. அவன்மேல். என்ன நியாயம் இது — அவனுக்கு நான் துரோகம் பண்ண, கோபம் அவன்மேல். இன்னும் எவ்வளவு கீழே போவேன்?

ஏப்ரல் 2, புதன்

பதினொரு மணிக்குத் தம்பி வந்தான். நன்றாகச் சவரம் செய்து, நர்ஸம்மா கொடுத்த துணியில் தைத்த சட்டையைப் போட்டிருந்தான். லேத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, உறை போட்டு மூடினான். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பெட்டியில் அடுக்கினான்.

"என்னடா?"

"டயர் கடையில ஆள் கேட்டிருந்தாங்க. போறேண்ணே. அங்க அளவு கிளவு ஒண்ணும் இல்ல. காத்து அடிக்கிறதும் கழட்டி மாட்டுறதும்தான்."

நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான். "நேத்து நர்ஸம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பொண்ணுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆயிருந்தா? என் கையால ஒரு உசுரு போயிருக்கும்ணே. அதுக்கப்புறம் நான் எப்படி அந்த மெஷின்ல நிக்கிறது?" ஒரு உளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். "உனக்கும் தலக்குனிவு. என்னால. நீயும் மன்னிச்சிரு."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம்.

ஏணியைப் போட்டேன். மேல் அலமாரிக்கு ஏறினேன்.  சுற்றியிருந்த துணியோடு எடுத்து வந்து அவன் முன்னால் மேஜையில் வைத்தேன்.  அவனே பிரித்தான்.

பார்த்ததும் புரிந்துவிட்டது அவனுக்கு. அவனுக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? தேய்ந்த மேட்டின்மேல் விரலை ஒரு தடவை ஓட்டினான். டேப்பட்டைக் கவிழ்த்து அதன் குழியைப் பார்த்தான். பெட்டியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தான். அளந்தே ஆக வேண்டும் அவனுக்கு.

"ஐடிலிங்ல விட்டியா?"

"ம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. பத்து நிமிஷம் இருக்கும். அவங்கல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தாங்கடா. நான் வந்து…"

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"தொறந்த அன்னிக்கே."

"நான் பேரிங்கைப் பார்த்துக்கிட்டு நின்னப்ப?"

"அதுக்கு முந்தின நாள்."

அவன் கத்தவில்லை. கத்துவான், ஏதாவது எடுத்து எறிவான் என்று நினைத்தேன். எறியட்டும் என்றுதான் நின்றேன். கேம்ஷாஃப்ட்டைத் துணியில் மறுபடி சுற்றினான், குழந்தையைச் சுற்றுகிற மாதிரி பதமாக. தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்படியே உட்கார்ந்து அழுதான். அது என்ன அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. கை நல்லாத்தான் இருக்கு என்கிற அழுகையா? அண்ணன் இப்படி என்கிற அழுகையா?

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினான்.

"நர்ஸம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

நீங்க. பேசத் தெரிந்த நாளிலிருந்து அவன் என்னை நீ, வா, போ என்றுதான். அம்மா அடித்தும் திருந்தாதவன்.

ஏப்ரல் 3, வியாழன்

முதலில் மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அவ வந்து உங்க முன்னால உக்காந்து கேட்டாளே, அப்பக்கூடவா சொல்லல?" என்றாள். தம்பி மனைவியைச் சொல்கிறாள். மறுபடி கத்தியை எடுத்துக் காயை நறுக்க ஆரம்பித்தாள்.

நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"இன்ஜின் போனது போகட்டும். மனுஷன்னா தவறத்தான் செய்வான். நான் எத்தனை தவறியிருக்கேன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் ஒண்ணு கேட்டேனே, குடிக்கிறாரான்னு. தெரியலன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"இதே எடத்துல நின்னு அவரு அழுதாரு மெக்கானிக். நானும் ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லல. குடிகாரன்தானேன்னு நினைச்சிட்டேன். என்னையும் சேத்துல்ல பாவியாக்கிட்டீங்க."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. அதையே பார்த்தேன்.

இரண்டு விஷயம் சொன்னார். யார் யாருக்கு அந்தப் பேச்சு போயிருக்கிறதோ அவர்கள் எல்லோரிடமும் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வண்டியை நானே சரிபண்ண வேண்டும். ஆனால் முதல் ஸ்டார்ட் போடும்போது தம்பி இருக்க வேண்டும். "அவர் வரமாட்டேன்னா வண்டி அப்படியே கெடக்கட்டும். நான் நடந்துக்கிறேன்."

ஏப்ரல் 5, சனி

சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர். எழுந்து சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. 

அன்று வீடியோ எடுத்தவர் போனைத் தடவி அதைப் போட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இன்ஜின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சினிமா கதாநாயகன் மாதிரி ஒருத்தன் நிற்கிறான். சிரிக்கிறான். ஒரு தடவை அவன் கண் கைக்கடிகாரத்துக்குப் போகிறது. பார்த்துவிட்டு, மறுபடி சிரிக்கிறான்.

"பதினொரு நிமிஷம் ஐடிலிங்லயே ஓடுது" என்றார் அவர், கீழே ஓடிய எண்ணைப் பார்த்து.

தலைவர் தொண்டையைச் செருமினார். தன் இரண்டு வண்டிகளைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கதவுவரை கூட வந்து, "உங்க தம்பி போன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன்.

ஏப்ரல் 12, சனி

தம்பி வந்தான். நர்ஸம்மாதான் கூட்டி வந்தார். எனக்காக வந்திருக்க மாட்டான்.

கிராங்கை வெளிப் பட்டறையில் மறுபடி சாணை பிடித்து வாங்கியிருந்தேன். புது கேம், புது டேப்பட், புது பேரிங். ஆயில் வழி ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் துலக்கி, காற்று அடித்து, மறுபடி துலக்கினேன். பொருத்துவதற்கு முன் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தேன், அவன் பார்க்கட்டும் என்று. பார்த்தான். அளந்தான். அளவுகளை என்னிடம் காட்டினான், நான் தலையாட்டினேன். இரண்டு ஊமைகள் இன்ஜின் பூட்டிய மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு ஸ்டார்ட். நான் ஆக்சிலேட்டர் பக்கம் நகர்ந்தேன்.

"தள்ளி நில்லுங்க" என்றான்.

தள்ளி நின்றேன். அவன் கார்புரேட்டர் கம்பியைக் கையில் பிடித்தான். இன்ஜின் பிடித்தது, பிடித்த நொடியே இரண்டாயிரத்துக்கு ஏற்றிவிட்டான். ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. கொஞ்சம் ஏற்றினான், கொஞ்சம் இறக்கினான், இரண்டாயிரத்துக்குக் கீழே ஒரு தடவையும் விடவில்லை. ஏழாவது நிமிஷம் தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்தது. வேறு எவனாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பான். அவன் கண்ணாலேயே எனக்குக் காட்டினான். நான் குனிந்து, கொதிக்கிற குழாயில் கிளிப்பை இறுக்கினேன். கை வெந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் செதுக்கிய மாதிரி இருந்தது. இந்தக் கை நடுங்குகிறது என்று அவனையே நம்ப வைத்தவன் நான்.

இருபது நிமிஷம் ஆனதும் நர்ஸம்மாவைப் பார்த்தான். இன்னும் இரண்டு நிமிஷம் கூடுதலாக ஓட்டிவிட்டு அணைத்தான். நர்ஸம்மா அவனிடம் போய் எதுவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையாட்டினான்.

டியூன் பண்ணுவதற்கு நிற்கவில்லை. ஒரு வேலை விஷயமாகப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான்.

ஏப்ரல் 28, திங்கள்

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆயில் இறக்கினேன். காந்தம் விட்டுப் பார்த்தேன், சுத்தம். நாலு சிலிண்டரிலும் அழுத்தம் ஒரே மாதிரி. டேப்பட் இடைவெளி வைத்த இடத்திலேயே நிற்கிறது. தம்பிக்குப் போன் போட்டேன்; எடுக்கவில்லை. அளவுகளை மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. படித்துவிட்டான் என்று மட்டும் காட்டியது.

டயர் கடைக்கு அவன் போகவில்லை. பெரிய லேத் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டதாக மனைவி சொன்னாள். அவள் அவன் வீட்டுக்குப் போய் வருகிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை. நானும் கேட்பதில்லை.

மே 19, திங்கள்

லேத் இருக்கும் பாதி ஷெட்டை யாரோ வாடகைக்குக் கேட்டார்கள். கொடுப்பதாக இல்லை என்றேன். லேத் உறைமேல் படிந்த தூசியைத் துடைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

சங்கத்தில் ஒருத்தர் இன்ஜின் ஒன்று கொண்டுவந்தார். மூன்று மாசத்தில் அவர்கள் பக்கமிருந்து வந்த முதல் வேலை. சிலிண்டர் குடைய வேண்டும். அவரே சொன்னார், அந்தப் பெரிய பட்டறையில்தான் குடைய வேண்டும் என்று. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பிளாக்கை ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் எனக்கு முன்னால் நாலு பேர். ஒரு ஆள் வந்து என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, "இருங்க, மாஸ்டர் வருவாரு" என்றான். யார் மாஸ்டர் என்று நான் கேட்கவில்லை.

தம்பி வந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். நல்லது. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். அப்புறம் மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"என்ன அளவு?"

சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"எழுதிக் குடுங்க. வாயால சொன்னா இங்க எடுத்துக்கிறதில்ல."

சீட்டும் பேனாவும் கொடுத்தான். நின்றபடியே நாலு சிலிண்டரின் தேய்மானத்தையும் எழுதினேன். வாங்கிப் படித்தான். குனிந்து தானே அளந்து பார்த்தான். ஒன்று, இரண்டு. இரண்டாவதில் நிறுத்தி மறுபடி அளந்தான்.

"ரெண்டாவது நீங்க போட்டிருக்கறதுக்கு மேல தேஞ்சிருக்கு. நீங்களே பாருங்க."

பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. முன்பு மாதிரி இருந்தால், வெயிலில் இரும்பு விரிந்திருக்கும், உன் கருவி தப்பு என்று ஏதாவது அளந்து விட்டிருப்பேன். பின்னால் வரிசையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் தப்பா எடுத்திருக்கேன்" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் வந்தது குரல்.

என் எண்ணை அடித்துவிட்டு அவன் எண்ணை எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவன் சீட்டை வாங்கி, அடித்தது தெரிகிறதா, புது எண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தான். பிளாக்கின் ஓரத்தில் சீட்டைக் கட்டினான்.

"வெள்ளிக்கிழமை ரெடியாயிடும்" என்றான். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "வேற ஏதாவது?" என்றான்.

ஒன்றும் இல்லை என்றேன்.

அவன் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான். "அடுத்து யாரு? வாங்க."